பத்தாம் வகுப்பின் கடைசிப் பாடமும் ஏற்காடு அடிவாரமும்: கேம் செய்யக் கற்றால் வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: “உங்க அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம் என்ன?” பெரும்பாலும் பதில் வராது. முதல் பாடத்தைக் கேட்டால், “இயக்க விதிகள்” என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

கடைசிப் பாடம், அலகு 23. பெயர் ‘காட்சித் தொடர்பு’. அதற்குள் இருப்பது ‘ஸ்க்ராட்ச்’. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்ட, குழந்தைகளுக்கான புரோகிராமிங் மொழி. வண்ண வண்ணக் கட்டங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். அனிமேஷனும் செய்யலாம், கேமும் செய்யலாம். அதாவது, கேம் செய்வதற்கான முதல் படி தமிழ்நாட்டு மாணவர்களின் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2019-ல் புதிய புத்தகம் வந்ததிலிருந்தே இருக்கிறது.

இப்போது இது ஏன் பேசப்பட வேண்டும்? 2026-27 மத்திய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆகிய துறைகளுக்காக நாடு முழுக்க 15,000 பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் படைப்பாக்க ஆய்வகங்கள் அமைக்கப்படும். மும்பையில் உள்ள இந்தியப் படைப்பாக்கத் தொழில்நுட்ப நிறுவனம் இதைச் செய்யும். 2030-க்குள் இந்தத் துறைக்கு 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்பது பட்ஜெட் உரையில் சொல்லப்பட்ட கணிப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 15,000-ல் ஏற்காடு மலையில் எத்தனை, அடிவாரத்தில் எத்தனை என்பதுதான் நம் கேள்வி.

ஏன் அடிவாரம்?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் சமதளம் முடிந்தது. அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். டூரிஸ்ட் கண்ணுக்கு இது வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற இடம். மாணவர் கண்ணுக்கு இதுவே ஒரு எல்லைக்கோடு.

கோட்டுக்கு இந்தப் பக்கம் சேலம். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. கருப்பூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம், வரிசையாகத் தனியார் கல்லூரிகள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், இரண்டு விதமான பள்ளிகள். நூறாண்டு கடந்த ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகள் ஒரு வகை. மான்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது 1917-ல். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மலையேறி வரும் இடங்கள் இவை. இன்னொரு வகை, மலைக் கிராமங்களின் அரசுப் பள்ளிகளும் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும். இங்கே படிப்பவர்களில் பலர் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அது. பெற்றோர் பலருக்குக் காபித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும்தான் கூலி.

மேலே இருக்கும் பிள்ளைக்கும் கீழே இருக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வாய்ப்பில் பார்த்தால் அதைவிட நீண்ட தூரம். அந்த தூரத்தைக் குறைக்க, பாடப்புத்தகத்தில் சும்மா கிடக்கும் அலகு 23 உதவுமா?

உதவும். ஆனால் சில நிபந்தனைகளோடு.

முதலில், கேம் டிசைன்னா என்ன?

பலரும் கேம் டிசைன் என்றதும் கம்ப்யூட்டரில் படம் வரைவது என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர் கோடிங்தான் கேம் டிசைன் என்கிறார்கள். இரண்டும் முழு உண்மை இல்லை.

ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாவி வெட்டும்; ஆடு வெட்டாது, சுற்றி வளைத்துப் புலியை நகரவிடாமல் அடைக்கும். 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை ஏற்கெனவே வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. ஏன் 15? பத்து என்றால் புலி சுலபமாக ஜெயிக்கும். முப்பது என்றால் புலிக்கு நகரவே இடமிருக்காது. பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை இன்னொரு பக்கம்; இரண்டும் சமமாக நிற்கும் புள்ளியை யாரோ ஒருவர், அல்லது பல தலைமுறைகள், விளையாடிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதுதான் கேம் டிசைன். தரையில் கரிக்கோடு போட்டு ஆடிய காலத்திலேயே நம்மிடம் இருந்த வித்தை.

அந்த விதிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதுவது கோடிங். புலி எப்படி இருக்க வேண்டும் என்று வரைவது ஆர்ட். வெட்டும்போது என்ன சத்தம் வர வேண்டும் என்பது சவுண்ட் டிசைன். நூறு தடவை ஆடிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வது டெஸ்டிங். ஒரு கேமுக்குள் இத்தனை வேலைகள் இருக்கின்றன.

20 வளைவு, ஒரு பஸ்: ஒரு சின்ன உதாரணம்

இதை ஏற்காடு சாலையிலேயே வைத்துப் பார்ப்போம். அடிவாரத்தில் ஒரு பஸ் நிற்கிறது. மேலே போக வேண்டும். இதை ஸ்க்ராட்சில் கேமாகச் செய்தால் என்னென்ன தேவை?

- மாறி: ‘வளைவு எண்’ என்று ஒரு பெட்டி. தொடக்கத்தில் பூஜ்யம். ஒவ்வொரு வளைவைத் தாண்டும்போதும் ஒன்று கூடும்.
- சுழற்சி: வளைவு எண் 20 ஆகும்வரை சாலை வந்துகொண்டே இருக்க வேண்டும். 20 ஆனதும் ‘ஏற்காடு வந்தாச்சு’ என்று திரையில் காட்ட வேண்டும்.
- நிபந்தனை: எதிரே காபி மூட்டை ஏற்றிய லாரி இறங்கி வந்தால்? குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது போக்குவரத்து விதி. எனவே லாரிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். இதைக் கேமுக்கும் சொல்ல வேண்டும்.
- தற்செயல்: திடீரென்று காட்டெருமை ரோட்டுக்கு வர வேண்டும். எப்போது வரும் என்று ஆடுகிறவருக்குத் தெரியக் கூடாது. அதற்கு ராண்டம் எண்.

இதுவரை கோடிங். இனிமேல்தான் டிசைன். ஒவ்வொரு வளைவிலும் காட்டெருமை வந்தால் ஆடுகிறவர் வெறுத்துப்போய் போனைக் கீழே வைத்துவிடுவார். வரவே வராவிட்டால் தூங்கிவிடுவார். ஐந்து வளைவுக்கு ஒரு தடவையா, மூன்றுக்கு ஒரு தடவையா? பனிமூட்டம் பத்தாவது வளைவில் தொடங்கலாமா, பதினைந்தாவதிலா? பக்கத்து பெஞ்ச் மாணவியை விளையாடச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

இதற்குள் எத்தனை பாடங்கள் ஒளிந்திருக்கின்றன, கவனித்தீர்களா? காட்டெருமை வருவது நிகழ்தகவு. பஸ் திரையில் நகர்வது ஆயத்தொலை வடிவியல். ஸ்க்ராட்ச் திரையே இடது வலமாக மைனஸ் 240 முதல் 240 வரையும், கீழ் மேலாக மைனஸ் 180 முதல் 180 வரையும் அச்சு போட்ட ஒரு கிராஃப் தாள்தான். பிரேக் போட்டால் பஸ் உடனே நிற்காமல் கொஞ்சம் வழுக்கிப் போவது இயக்க விதி. ஆக, அறிவியல் புத்தகத்தின் முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் ஒரே கேம் இணைத்துவிடுகிறது. கணக்குப் புத்தகம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

‘எக்ஸ்’ எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, “எக்ஸை மாற்று, பஸ் நகரும்” என்று காட்டுவதைவிட நல்ல பதில் எது? இந்த யோசனையும் புதிதல்ல. 1967-லேயே சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் ‘லோகோ’ என்ற மொழியைக் குழந்தைகளுக்காகச் செய்தார்கள். திரையில் ஆமையை நகர்த்தி வடிவியல் கற்பதுதான் அதன் புகழ்பெற்ற பயன்பாடு. ஸ்க்ராட்ச் அதன் வாரிசு.

அப்படியென்றால் ஏன் நடப்பதில்லை?

காரணம் எளிது: தேர்வு. பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைத் தேர்வில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உண்டு. கணினி கிடையாது. கையால் செய்து கற்க வேண்டிய ஒரு பாடம், செய்யவே தேவையில்லாத பாடமாகிவிட்டது. ‘ஸ்க்ராட்ச் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு மனப்பாட விடை எழுதினால் மார்க். நீச்சலைப் பற்றி இரண்டு மதிப்பெண் வினா எழுதுவது மாதிரி.

இரண்டாவது காரணம், ஆசிரியர். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பத்தாம் வகுப்புவரை கணினி என்று தனிப் பாடம் இல்லை. அறிவியல் புத்தகத்தின் பின்பகுதியில் ஓர் அலகுதான். அதை நடத்த வேண்டியவர் ஏற்கெனவே 22 பாடங்களை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் அறிவியல் ஆசிரியர். கணினி அறிவியலில் பி.எட். முடித்துவிட்டு, ‘எங்களுக்குப் பணியிடம் உருவாக்குங்கள்’ என்று கேட்டுக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். நடத்த ஆளில்லாத பாடம் மறு பக்கம்.

வசதியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மாநிலம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்கள் வந்துவிட்டன. ‘நான் முதல்வன்’ 2022 மார்ச்சில் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை கோடிங், ஏ.ஐ., ரோபாட்டிக்ஸ் அறிமுகப்படுத்தும் ‘டி.என். ஸ்பார்க்’ திட்டம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ‘டீல்ஸ்’ திட்டமும் சில அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான், கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. என்று பாடத்திட்டம் உண்மையிலேயே கனமாகத்தான் இருக்கிறது.

குறை எங்கே என்றால், கனமான அந்த மேல்நிலைப் பாடத்துக்கும் கீழ் வகுப்புகளுக்கும் நடுவே படிக்கட்டு இல்லை. பத்தாம் வகுப்புவரை ஒரு வரி கோட் எழுதாத பிள்ளை, பதினொன்றில் நேராக சி பிளஸ் பிளஸ் முன்னால் உட்கார்கிறது. செமிகோலன் விட்டதற்கு எர்ரர் வருகிறது. ‘நமக்கு இது வராது’ என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடுகிறது. வீட்டில் லேப்டாப் உள்ள பிள்ளை இந்தக் கட்டத்தை எப்படியோ தாண்டிவிடும். மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த ‘எப்படியோ’ கிடையாது. இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியபோது மேல்நிலை மாணவர்களுக்குக் கிடைத்தது. இப்போது அறிவிக்கப்பட்டுள்ள 20 லட்சம் கருவிகளும் கல்லூரி மாணவர்களுக்கு.

இட்லிக் கொப்பரையிலிருந்து பாஃப்டா வரை

‘கேம் என்றால் துப்பாக்கிதானே?’ என்பவர்களுக்கு ஒரு பெயர்: ‘வெண்பா’. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு ஸ்டுடியோ 2023 ஜூலையில் வெளியிட்ட கேம். 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போகும் வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின். இவர்கள்தான் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சரியாகச் சமைக்க வேண்டும். முதல் சமையல், இட்லி.

துப்பாக்கி இல்லை, பணப் பந்தயம் இல்லை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குத்தான். அதே ஆண்டு சுயாதீன கேம் விழாவான ஐ.ஜி.எஃப்.-ல் தலைமைப் பரிசும் வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது விருதை அல்ல. அந்த கேமின் மூலப்பொருள் எது? ஒரு தமிழ் அடுக்களையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாவு புளிப்பது, தட்டை அடுக்குவது, தாளிப்பின் வரிசை. உலகத்துக்குப் புதிதாகத் தெரிந்தது அதுதான். காபிப் பழம் எந்தச் சிவப்பில் பறிக்க வேண்டும், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி எப்படி ஏற்ற வேண்டும், மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அறிந்த பிள்ளையிடமும் அப்படி ஒரு மூலப்பொருள் இருக்கிறது. கருவி மட்டும்தான் கையில் இல்லை.

சரி, வேலை கிடைக்குமா?

இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டும். ‘கேம் கற்றால் லட்சத்தில் சம்பளம்’ என்று சொல்வது ஏமாற்று வேலை.

இந்தியாவில் கேம் தொழிலுக்கு வயது சுமார் முப்பது. பெங்களூரில் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் முன்னோடி. 2019-ல் அதை ‘ஜி.டி.ஏ.’ கேமின் ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது. யூபிசாஃப்ட் புனேயில், இ.ஏ. ஹைதராபாத்தில் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் உலக அளவில் இந்தத் துறை சமீபத்தில் நன்றாக அடிவாங்கியது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் தலா 10,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மட்டும் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. எனவே ஏற்காட்டிலிருந்து போகும் எல்லாப் பிள்ளைகளும் கேம் ஸ்டுடியோவில்தான் உட்காருவார்கள் என்று கணக்குப் போடக் கூடாது.

பிறகு எதற்குக் கற்க வேண்டும்? கேம் செய்யும்போது கைக்கு வரும் திறமை கேமோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பெரிய சிக்கலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது, ஆடுகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பது, பிழையைத் தேடிப் பிடிப்பது, நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பது. பேங்க் ஆப் செய்கிற நிறுவனத்துக்கும் இதுதான் வேண்டும், மருத்துவமனை சாஃப்ட்வேர் எழுதுகிற நிறுவனத்துக்கும் இதுதான் வேண்டும். ஆப் வடிவமைப்பு, டெஸ்டிங், அனிமேஷன், 3டி மாடலிங், பயிற்சி சிமுலேட்டர் என்று கிளைகள் நிறைய.

இன்னொன்று, காட்டுவதற்கு ஒரு பொருள் கையில் இருக்கும். ‘எனக்குக் கோடிங் தெரியும்’ என்று சொல்கிற ரெஸ்யூமேக்கும் ‘இதோ நான் செய்த கேம், ஆடிப் பாருங்க’ என்று நீட்டுகிற போனுக்கும் வித்தியாசம் உண்டு. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இன்டர்வியூவில் அந்த கேம் பேசும்.

ஏ.ஐ.யே கோட் எழுதுதே, இனி எதுக்கு?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி. ‘மலைச்சாலையில் பஸ் ஓட்டுகிற கேம் எழுது’ என்றால் ஏ.ஐ. சில நொடிகளில் எழுதித் தரும் என்பது உண்மைதான். ஆனால் காட்டெருமை எத்தனை வளைவுக்கு ஒரு தடவை வந்தால் சுவாரஸ்யம் என்பதை யார் முடிவு செய்வது? அது எழுதிய கோடில் பதினேழாவது வளைவில் பஸ் பாறைக்குள் புகுந்துவிட்டால் எங்கே தப்பு என்று யார் கண்டுபிடிப்பது?

வெறும் டைப்பிங்காக இருந்த கோடிங்குக்குத்தான் மதிப்பு குறைகிறது. என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதற்கும், செய்தது சரியா என்று சோதிப்பதற்கும் மதிப்பு கூடுகிறது. அடிப்படை தெரியாதவர் ஏ.ஐ. சொன்னதை நம்ப மட்டுமே முடியும். அடிப்படை தெரிந்தவரால்தான் அதை வேலை வாங்க முடியும்.

பெற்றோரின் பயம் நியாயமானதே

‘ஏற்கெனவே போனும் கையுமா இருக்கான், இதுல ஸ்கூல்லயே கேமா?’ என்று ஓர் அம்மா கேட்டால் அதைக் கேலி செய்ய முடியாது. கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அதனால்தான் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆனால் பணம் வைத்து ஆடுவது வேறு, பொழுதுபோக்குக்கு ஆடுவது வேறு, கேம் செய்வது முற்றிலும் வேறு. இன்னும் சொன்னால், கேம் செய்து பழகிய பிள்ளைக்கு அந்த ஆப்களின் தந்திரம் புரியும். ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று நம்மை இழுக்கிற பரிசுப்பெட்டி, ஒளி, சத்தம், ‘நாளை வந்தால் இரட்டைப் பரிசு’ என்கிற தூண்டில் எல்லாம் யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு வைத்தவை. அதை உள்ளிருந்து பார்த்தவர் வெளியே ஏமாறுவது குறையும்.

பயப்பட வேண்டிய இன்னொரு இடமும் உண்டு: கட்டணக் கோடிங் வகுப்புகளின் விளம்பரம். ஒயிட்ஹாட் ஜூனியர் நிறுவனத்தை 2020-ல் பைஜூஸ் வாங்கியது நினைவிருக்கலாம். அதன் விளம்பரங்களில் ‘வுல்ஃப் குப்தா’ என்றொரு சிறுவன் வந்தான். கோடிங் கற்றதால் கோடிகளில் சம்பளம் என்றார்கள். அப்படி ஒரு சிறுவனே இல்லை. விளம்பரத் தரக் கவுன்சில் அந்த நிறுவனத்தின் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெறச் சொன்னது. அரசுப் பள்ளி இலவசமாகச் சொல்லித்தராத இடத்தில்தான் இந்த மாதிரிக் கடைகள் விரிக்கப்படுகின்றன.

இப்போதே தொடங்க என்ன வழி?

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் ஒரு மாணவர், காசு செலவில்லாமல், பன்னிரண்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம்?

- 9, 10-ம் வகுப்பு: ஸ்க்ராட்ச். இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே இயங்கும். சிக்னல் கிடைக்காத கிராமத்துக்கு இது முக்கியம். ஆடு புலி ஆட்டமோ பல்லாங்குழியோ செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரே இல்லாவிட்டாலும் அட்டையில் ஒரு போர்டு கேம் வடிவமைக்கலாம். அதுவும் கேம் டிசைன்தான்.
- 11-ம் வகுப்பு: பைத்தான். பாடத்தில் அடுத்த ஆண்டு வரப்போவதை முன்கூட்டியே பழகலாம். தமிழில் படிக்க ‘கணியம்’ தளத்தில் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் இலவசமாக இருக்கின்றன.
- 12-ம் வகுப்பு விடுமுறை: ‘கொடோ’. அர்ஜென்டினாவில் பிறந்து 2014-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியான கேம் எஞ்சின். இதன் மொழி பைத்தான் ஜாடையில் இருக்கும். 3டிக்கு ‘பிளெண்டர்’, அதுவும் இலவசம். செய்ததை ‘இட்ச் ஐஓ’ தளத்தில் காசில்லாமல் வெளியிடலாம்.
- அதற்குப் பிறகு: பொறியியல் போக வேண்டும் என்றால் கட்-ஆஃப் பொதுவாகக் கணிதம், இயற்பியல், வேதியியலில்தான் கணக்கிடப்படும், கோடிங் ஆர்வத்தில் அவற்றைக் கோட்டை விடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. வரைவதில் ஆர்வம் என்றால் ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்கான ‘யூசீட்’ தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். சென்னை எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. இல்லாமலே சேரக்கூடிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்பு 2020-ல் தொடங்கியது. பன்னிரண்டு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஜோஹோவின் பள்ளிகளும் உண்டு.

அரசு செய்ய வேண்டியது என்ன?

தனி மனித முயற்சியால் ஒன்றிரண்டு பிள்ளைகள் ஜெயிப்பார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வரும், நாமும் ஷேர் செய்வோம். மற்ற பிள்ளைகளுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. எனவே பொறுப்பை மாணவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் விஷயங்களும் இல்லை.

முதலாவது, அலகு 23-ஐச் செய்முறையாக்க வேண்டும். பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வில் ஒரு சிறிய ஸ்க்ராட்ச் பயிற்சியைச் சேர்த்தால் போதும்; ஹைடெக் ஆய்வகத்தின் கதவு தானாகத் திறக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியில் எது தேர்வுக்கு வருமோ அதுதான் நடத்தப்படும். இந்த வழக்கத்தை ஒரு தடவை நல்லதுக்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஆள். ஒவ்வொரு பள்ளிக்கும் கணினி ஆசிரியர் உடனே சாத்தியமில்லை என்றால், அடிவாரம் போன்ற இடத்தில் ஒரு பள்ளியை மையமாக்கி, சுற்றுவட்டார மலைப் பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் போய்வர ஒரு ஆசிரியரை நியமிக்கலாம். சேலத்தின் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் மினி டைடலில் வேலை பார்க்கும் இளைஞர்களையும் மாதம் ஒரு சனிக்கிழமை மலையேறச் சொல்லலாம். அவர்கள் எப்படியும் வீக்எண்டுக்கு ஏற்காடு போகிறவர்கள்தானே!

மூன்றாவது, உண்டு உறைவிடப் பள்ளிகள். மாலை நான்கு மணிக்குப் பிறகும் பிள்ளைகள் வளாகத்திலேயே இருக்கிறார்கள். நகரத்துப் பிள்ளை டியூஷன் போகும் நேரம் அது. அந்த நேரத்தில் பத்து கம்ப்யூட்டர், இணையமில்லாமல் இயங்கும் மென்பொருள், ஒரு வழிகாட்டி. இது கிடைத்தால் உறைவிடப் பள்ளி என்பதே ஓர் அனுகூலமாக மாறும்.

நான்காவது, மத்திய அரசு அறிவித்த 15,000 ஆய்வகங்களில் தமிழ்நாட்டுக்கு வருபவை சென்னை, கோவையின் பெரிய பள்ளிகளோடு நின்றுவிடாமல் பார்க்க வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது என்று பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் இடங்களுக்கு முன்னுரிமை கேட்டு மாநில அரசு பேச வேண்டும். பாடமும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தால்தான் கோடிங் என்று கதவிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று புலம்பக் கூடாது.

ஏற்காடு சாலையின் விதி இங்கேயும் பொருந்தும். குறுகிய மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். இறங்குகிற வண்டி எங்கே வேண்டுமானாலும் நின்று மறுபடி கிளம்பிவிடும். ஏறும்போது நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவதுதான் கஷ்டம்.